மைக்கை அணைக்காத மாப்பிள்ளை

போகி அன்று மரக்காணமே பழைய பாயையும் பிய்ந்த முறத்தையும் தெருவில் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தது. கிருபாகரன் மட்டும் தன் பழைய வாழ்க்கையையே கொளுத்திவிடுவது என்று முடிவெடுத்தான்.

பெரிய வார்த்தைதான். ஆனால் கிருபாகரனுக்குச் சின்ன வார்த்தை பேசத் தெரியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிற ஆள், விசிட்டிங் கார்டில் 'மியூசிக் புரொட்யூசர்' என்று போட்டுக்கொண்டவன். வீட்டு நடு ரூமில் ஒரு லேப்டாப், ஒரு மைக், ரெண்டு ஸ்பீக்கர். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை. "முட்டையை விட்டுட்டு அட்டைய மட்டும் வாங்கிட்டு வர்ற ஒரே புருஷன் என் புருஷன்தான்" என்று அவன் மனைவி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அந்த ரூமில் கிருபா ஆரம்பித்த பீட்டுகளுக்கு, அதாவது தாளம் தூக்கலான இசைத் துண்டுகளுக்கு, கணக்கே கிடையாது. முடித்த பீட்டுகளுக்குக் கணக்கு உண்டு. சொன்னால் வருத்தப்படுவான், இருந்தாலும் சொல்கிறேன். ஒன்றுகூட இல்லை. டிரம்ஸ் போடுவான், நன்றாக இருக்கும். இன்னும் நன்றாக இருக்கட்டுமே என்று நோண்டுவான், நாசமாகும். அதை அப்படியே விட்டுவிட்டுப் புதுசாக ஒன்று ஆரம்பிப்பான். ஆரம்பிக்கும்போது வீட்டில் என்ன நடந்ததோ அதுதான் பீட்டுக்குப் பெயர். 'கரண்ட் போச்சு' என்று ஒரு பீட். 'வயிறு சரியில்ல' என்று ஒரு பீட். 'மதி திட்னா' என்ற பெயரில் மட்டும் லேப்டாப்பே நிறைந்து கிடந்தது.

மதி என்றால் கலைமதி. மேற்படி மனைவி. ஈ-சேவை மையத்தில் வேலை. ஊர்க்காரர்களின் ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பெயர் போட்டு, கேட்ட மாத்திரத்தில் எடுத்து நீட்டுகிறவள்.

இந்தத் தடவை விளையாட்டில்லை. காணும் பொங்கலுக்கு மீனவர் குப்பத்தில் கபடிப் போட்டி. நடத்துகிறவன் ஜெயசீலன், கிருபாவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஆட்டக்காரர்கள் களத்தில் இறங்கும்போது போட ஒரு பீட் கேட்டிருந்தான். "மாட்டுப் பொங்கலுக்குள்ள வரலன்னா பாண்டிச்சேரில ஒருத்தன் இருக்கான், அவன்கிட்ட போயிடுவேன்டா" என்றும் சொல்லியிருந்தான். ஊரே கேட்கப் போகிற பீட். இதையும் முடிக்காவிட்டால் விசிட்டிங் கார்டை எடுத்துக்கொண்டுபோய்த் தெருவில் எரிகிற பாய் மேல் போட வேண்டியதுதான்.

ஒரு வாரமாக வீடியோ வீடியோவாகப் பார்த்து ஞானம் பெற்றிருந்த கிருபா, சமையற்கட்டு வாசலில் வந்து நின்றான்.

"மதி! இன்னிலேந்து இந்த வீட்ல ஒர்க்ஃப்ளோ."

"குழாய்லயே ஃப்ளோ இல்ல. நீங்க வேற."

"சிரிக்காத. பெரிய புரொட்யூசருங்க எல்லாம் இப்படித்தான் வேலை செய்யறாங்க. மூணு ரூல். ஒண்ணு, ஒரு நாளைக்கு ஒரு வேலை. சவுண்டு சேக்கற அன்னிக்கு சவுண்டு மட்டும். டிரம்ஸ் அடுக்கற அன்னிக்கு டிரம்ஸ் மட்டும். மிக்ஸிங் அன்னிக்கு மிக்ஸிங் மட்டும்."

"மிக்ஸி மேல கைய வெச்சீங்க, அவ்ளோதான்."

"மிக்ஸி இல்லடி, மிக்ஸிங்! ரெண்டாவது ரூல், ரூம்ல ஆள் இருக்கிற வரைக்கும் மைக்க அணைக்கவே கூடாது. நல்ல சவுண்டு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? மூணாவது ரூல், முடிச்சத திரும்பக் கேக்கக்கூடாது. கேட்டா நோண்டத் தோணும். நேரா அனுப்பிடணும்."

"நல்லாத்தான் இருக்குது" என்றாள் கலைமதி, பானைக்கு மஞ்சள் கொத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே. "சரி, காணும் பொங்கலுக்கு மறுநாள் அப்பா பாத்தி மிதிக்கக் கூப்பிட்டாரு. இந்த வருஷமாவது வர்றீங்களா?"

கிருபாவின் முகம் இறங்கிவிட்டது.

கலைமதியின் அப்பா ராஜாங்கத்துக்கு உப்பளம். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் பாத்தியில் நிற்கிற தண்ணீரை இறைத்துவிட்டு, அடியில் இருக்கிற சேற்றைக் காலால் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். தரை கெட்டியானால்தான் உப்பு மண் ஒட்டாமல் வெள்ளையாக வரும். முதல் பாத்தியில் வீட்டு மாப்பிள்ளைகள் இறங்கி மிதிப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். மூத்த மாப்பிள்ளை நடராசன் வருஷா வருஷம் வானூரிலிருந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்துவிட்டுப் போகிறார். அவர் புகழைக் கேட்டுக் கேட்டுக் கிருபாவுக்குக் காதே புளித்துவிட்டது. இவனுக்குத் தை பிறந்தால் கூடவே முட்டி வலியும் பிறக்கும்.

"எனக்கு முட்டி..." என்று இழுத்தான்.

"தெரியும். முட்டி."

"முட்டி மட்டும் இல்ல மதி. இது முடிஞ்ச உடனே அடுத்த பீட் ஆரம்பிக்கணும். ஒர்க்ஃப்ளோ நடுவுல நிக்கவே கூடாது. உங்கப்பாருக்கு அதெல்லாம் புரியாது, நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

கலைமதி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். சண்டை வரும் என்று கிருபா இடுப்பில் கை வைத்துத் தயாராக நின்றான். வரவில்லை.

"சரிங்க. எனக்கும் லீவுதான். நானும் ஏதாச்சும் ஒத்தாசை பண்றேன்" என்றாள்.

கிருபாவுக்கு வாயெல்லாம் பல். சேர்த்த சவுண்டுகளை வகை பிரித்துப் பெயர் போட்டு அடுக்குகிற வேலையை அப்படியே தூக்கி அவள் தலையில் வைத்தான். எந்தப் புரொட்யூசருக்கும் கசக்கிற வேலை அது. மனைவிமார்களைச் சமாளிப்பது எப்படி என்று நாமே ஒரு வீடியோ போடலாமே என்றுகூட அவனுக்குத் தோன்றியது.

அன்று சவுண்டு நாள். குக்கர் விசிலைப் பிடித்தான். தோசைக்கல்லைக் கரண்டியால் தட்டிப் பிடித்தான். தெருப் பிள்ளைகள் அடித்த போகி மேளத்தைப் பிடித்தான். மாமனார் வீட்டு உப்பை எவர்சில்வர் தட்டில் போட்டுக் குலுக்கினால் ஷக்கு ஷக்கு என்று அருமையான சத்தம். மாமனாரால் நமக்கு ஒரு பிரயோஜனம் என்று அதையும் பிடித்தான்.

கலைமதி கரும்பு வாங்கக் கிளம்பிப் போனபிறகு ஜெயசீலன் வந்தான். ரூமுக்குள் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"ஏன்டா, இந்த வருஷமும் பாத்தி மிதிக்கப் போவலியா? முட்டி வலியாமே?"

"முட்டி வலியா? சும்மா!" கிருபா தொடையைத் தட்டிச் சிரித்தான். "சேத்துல மிதிக்க நான் என்ன எருமையா? ஒர்க்ஃப்ளோன்னு ஒரு வார்த்தை சொன்னேன், மதி மயங்கிட்டா!"

ஜெயசீலன் கெக்கெக்கே என்று சிரித்தான். அவன் சிரிப்பு கோழி முட்டையிடுகிற மாதிரி இருக்கும். சுவரில் அட்டை வேறு. ரூல் ரெண்டை மதித்து, மேசை மூலையில் மைக்கின் சிவப்பு விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் பொங்கல். பால் பொங்கி, படையல் முடிந்து, வயிறு ரொம்பியதும் கிருபா டிரம்ஸ் அடுக்கினான். பிறகு கலைமதி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முந்தின நாள் சவுண்டுகளைப் பிரிக்க உட்கார்ந்தாள். குக்கர் ஒரு பக்கம், கரண்டி ஒரு பக்கம், மேளம் ஒரு பக்கம் என்று வேலை ஓடியது. ஒரு இடத்தில் மட்டும் கை நின்றது. அதையே திரும்பக் கேட்டாள். இன்னொரு தடவையும் கேட்டாள். பார்த்தாயா, சங்கீதம் இவளையும் பிடித்துவிட்டது என்று கிருபா பூரித்தான்.

"என்னங்க, இதுல மனுஷக் குரல் இருந்தா எங்க போடறது?"

"வோக்கல்னு ஒரு ஃபோல்டர் போட்டு அதுல போடு."

"வேணாம்னு அழிச்சிடலாமா?"

"ஐயய்யோ! எதையும் அழிக்கக்கூடாது மதி. எது எப்ப உதவும்னு யாருக்குத் தெரியும்?"

"அதுவும் கரெக்டுதான். குரலை பீட்டுக்குள்ள எப்படி வெப்பாங்க?"

கேட்டாளே ஒரு கேள்வி! கல்யாணம் ஆனதிலிருந்து அவள் இவனிடம் கேட்ட முதல் சங்கீதக் கேள்வி. கிருபா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பாடம் நடத்தினான். "வேண்டிய வார்த்தைய மட்டும் வெட்டி எடு. மியூசிக் சட்டுனு நிக்கற எடத்துல அத வெய்யி. கடைசி வார்த்தைக்கு எக்கோ குடு. உடனே டிரம்ஸ விடு. கூட்டம் பேய் புடிச்ச மாதிரி ஆடும்."

"பேய் புடிச்ச மாதிரியா?" என்று கண்ணை அகலமாக்கிக் கேட்டாள். கிருபாவுக்குக் காலர் தானாகவே மேலே ஏறியது.

மாட்டுப் பொங்கல் அன்று மிக்ஸிங். மத்தியானத்துக்குள் எல்லாம் வந்துவிட்டது. உப்புச் சத்தம் ஓட, போகி மேளம் இடிக்க, குக்கர் விசில் உச்சத்தில் போய் நின்று சில நொடி அமைதி. பிறகு மொத்த டிரம்ஸும் கொட்டுகிறது. நன்றாகத்தான் இருந்தது. அங்கேதான் பிடித்தது சனி.

"மதி, அந்த அமைதி வர்ற எடம் காலியா இருக்குதே. டிரம்ஸும் சப்புனு இருக்கு. பேசாம புதுசா ஒண்ணு ஆரம்பிச்சா..."

"கைய எடுங்க."

"ஒரே ஒரு தடவ கேட்டுக்கறேன்."

"கேட்டா நோண்டுவீங்க. நோண்டினா பாண்டிச்சேரிக்காரன் வருவான். மூணாவது ரூல் யார் போட்டது? நானா?" லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "தெருக்கோடில மாட்டுக்குக் கொம்புல பெயின்ட் அடிக்கிறாங்க. போய்ப் பாத்துட்டு வாங்க. நானே அனுப்பி வெக்கறேன்."

திரும்பி வந்தபோது லேப்டாப் மூடியிருந்தது. "அனுப்பியாச்சு" என்றாள். "ஜெயசீலன் அண்ணன் கேட்டுட்டு, சிரிச்சு சிரிச்சு வயிறு நோவுதுன்னாரு."

"சிரிச்சானா? சந்தோஷத்துலயா?"

"பின்ன?"

கிருபா வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு பீட் முடிந்துவிட்டது. அவன் ஆரம்பித்து, அவன் கையாலேயே கெடாமல் முடிந்த முதல் பீட். நினைத்தபோது கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மாட்டுக்கு அடித்த பெயின்ட் வாசனை என்று சொல்லிச் சமாளித்தான்.

காணும் பொங்கல். குப்பத்துக் கடற்கரையில் நிற்க இடமில்லை. வலை காய்கிற மணலில் களம் போட்டு, ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி. நாற்காலி வரிசையில் மாமனார் ராஜாங்கம், பக்கத்தில் மூத்த மாப்பிள்ளை நடராசன். கிருபா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். பக்கத்தில் கலைமதி குச்சி ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டக்காரர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு இறங்க, பீட் ஆரம்பித்தது. ஷக்கு ஷக்கு. மேளம் இடித்தது. மணலே குதித்தது. கிழவர்கள்கூடத் தலையாட்டினார்கள். குக்கர் விசில் மேலே மேலே போய் நின்றது. அமைதி. அப்போது மரக்காணம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது.

"முட்டி வலியா? சும்மா!"

கிருபா ஸ்பீக்கர் பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். அவன் குரலேதான்.

"சேத்துல மிதிக்க நான் என்ன எருமையா... எருமையா... எருமையா..."

ஜெயசீலனின் கெக்கெக்கே. தொடர்ந்து மொத்த டிரம்ஸும் கொட்டியது.

கூட்டம் வெடித்தது. பிள்ளைகள், பெரியவர்கள், ஆட்டக்காரர்கள், நடுவர் உட்பட எல்லாரும் "எருமையா? எருமையா?" என்று கத்திக்கொண்டு மணலை மிதிமிதி என்று மிதித்தார்கள். பேய் பிடித்த மாதிரிதான். பாடம் சரியாகவே நடத்தியிருந்தான்.

"ஒன்ஸ் மோர்!" என்று ஒரு மூலையில் கத்தினார்கள். ஜெயசீலன் இன்னொரு தடவை போட்டான். முடிந்ததும் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்த பீட்ட போட்டது யாரு? மேடைக்கு வரலாம்!" என்றான். படுபாவி, தெரிந்தே கேட்டான்.

கிருபா இந்தக் கேள்விக்காகப் பிறந்ததிலிருந்து காத்திருந்தவன். இன்றைக்கு வந்திருக்கிறது. கையைத் தூக்கினால் பீட்டும் அவனது, குரலும் அவனது, முட்டியும் அவனது. தூக்காவிட்டால் நாளைக்குப் பாண்டிச்சேரிக்காரன் வந்து நான்தான் என்பான். மாமனாரைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். கலைமதியைப் பார்த்தான். அவள் குச்சியைச் சப்பிக்கொண்டே, "தூக்குங்க, நல்லா வந்திருக்குது" என்றாள்.

"நான்தான்!" என்று ரெண்டு கையையும் தூக்கினான்.

விசில் பறந்தது. தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். சால்வை போட்டார்கள். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற ஒருவர், எனக்கும் ஒரு பீட் வேண்டும் என்று மேடையிலேயே கையைக் குலுக்கினார். கிருபாவுக்கு அந்த நேரத்தில் சேறும் தெரியவில்லை, முட்டியும் தெரியவில்லை. ஊருக்கே தான்தான் ராஜா என்று இருந்தது.

ராஜாங்கம் மட்டும் மெல்ல எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, முட்டிக்கு ஒண்ணும் இல்லன்னு ஊருக்கே சொல்லிட்டீங்க. மனசுக்கு ரொம்ப சந்தோஷம். நாளைக்குக் காலைல சீக்கிரமா வந்துடுங்க."

மறுநாள் காலை உப்பளத்தில் கிருபாகரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கணுக்கால் ஆழச் சேற்றில் நின்றான். பக்கத்தில் நடராசன், "மொத நாள் அப்படித்தான் இருக்கும் தம்பி" என்று ஆறுதல் சொன்னார். வரப்பில் ஒரு ஸ்பீக்கரை வைத்து எருமை பீட்டைப் போட்டுவிட்டார்கள். வேலைக்காரர்கள் எல்லாரும் தாளத்துக்குச் சிரித்துக்கொண்டே மிதித்தார்கள். என்னதான் சொல்லுங்கள், மிதிப்பதற்கென்றே செய்த மாதிரி ஒரு பீட். கிருபாவுக்கே உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. காலும் தன்னால் ஆடியது.

முதல் பாத்தி முடிந்தது. வழக்கம் தீர்ந்தது என்று அவன் வரப்பில் ஒரு காலை வைத்தான். எதிரே கலைமதி நின்றாள். ஒரு கையில் லேப்டாப், ஒரு கையில் அவனுடைய மைக். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது எதுக்கு மதி?"

"கெஸ்ட் ஹவுஸ்காரர் பீட்டுக்குத்தாங்க. இன்னிக்கு சவுண்டு நாள். இந்தச் சேத்துச் சத்தம் எவ்ளோ நல்லா இருக்குது தெரியுமா?"

"அதான் ஒரு பாத்தி ஃபுல்லா புடிச்சிட்டியே!"

கலைமதி ஹெட்போனைக் காதில் சரிசெய்துகொண்டு, வரிசையாகக் கிடந்த மற்ற பாத்திகளின் பக்கம் மைக்கை நீட்டினாள்.

"எறங்குங்க. டேக் இன்னும் ஓகே ஆவல."