கனடா போக ஒரு பாலிசி

சிவகாசி,
16-4-2007

டொரண்டோவில் வாழும் அருமைத் தம்பி ராஜபாண்டியனுக்கு, உன் கூடப்பிறந்த அக்கா சொர்ணலட்சுமி ஆசி கூறி எழுதிக்கொள்வது. நானும், மகன் சீனிவாசகமும், இப்போது அவன் பார்த்துக்கொள்கிற நம் லேபிள் பிரஸும் சுகம். உனக்கும் உன் மகள் ஐஸ்வர்யாவுக்கும் ஒரு குறையும் வராதபடி மாரியம்மன் பார்த்துக்கொள்வாள்.

நிற்க. போன மாதம் நீ போனில் பேசியது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. "எழுபது வயசுல எதுக்குக்கா அலையுதீக? இங்கன வந்து படுத்துட்டா ஆஸ்பத்திரி செலவுக்கு என் வீட்டைத்தான் விக்கணும். கல்யாண வீடியோவ அனுப்புதேன், பாத்துக்கோங்க" என்றாய். தாயில்லாத பிள்ளையின் கல்யாணத்தை அதன் ஒரே அத்தை டி.வி.யில் பார்க்க வேண்டுமாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். உன் வீட்டில் ஒரு செங்கலுக்கும் சேதம் வராதபடி இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏறுவேன். விசா வந்துவிட்டது. மே பதினைந்தாம் தேதி வந்து, இருபத்தேழாம் தேதி தாலி கட்டுவதைப் பார்த்து, முப்பதே நாளில் திரும்பிவிடுவேன். அதற்கு மேல் ஒரு நாளும் உனக்குப் பாரமாக இருக்க மாட்டேன்.

நமக்குத் தெரிந்த இன்சூரன்ஸ் ஏஜெண்ட் சீனிச்சாமியை வரச்சொன்னேன். முதலில் ஒரு கம்பெனியின் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்தார். அதில் எழுபது வயது வரைதான் சேர்ப்பார்களாம். எனக்கு ஜூன் இரண்டாம் தேதி எழுபது முடிகிறது. "ஒண்ணாந்தேதியே திரும்பி வந்துருங்கம்மா" என்றார். மறுவீட்டுப் பலகாரம் தின்ன நான் இருக்கக்கூடாதா என்று கேட்டு அந்தப் பாரத்தை அவர் பையிலேயே திருப்பி வைக்கச் சொன்னேன்.

இரண்டாவது கம்பெனி ரொம்ப இரக்கமுள்ளது, டெஸ்ட் எதுவும் வேண்டாம், கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டியது. முப்பத்தெட்டு வருஷம் பட்டாசு லேபிளில் கடுகளவு எழுத்துக்குப் புரூஃப் பார்த்தவள் நான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். ஏற்கெனவே இருக்கும் வியாதியால் எது வந்தாலும் ஒரு பைசா கிடையாது என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். எனக்குப் பதினோரு வருஷமாகச் சுகர், ஆறு வருஷமாக பிரஷர். பிறகு வழுக்கி விழுந்தால்தான் பணமா, அதற்கு நான் இங்கேயே விழுவேனே. சீனிச்சாமி குரலைத் தணித்து, "சுகர் இல்லேன்னு போட்ருங்கம்மா, அவன் எங்கன கண்டுபிடிக்கப் போறான்" என்றார். "பொய் சொல்லி வாங்குன பாலிசி, வேணுங்கிற அன்னைக்கு நமக்கு ஆகாது. வேற பாரம் கொண்டாங்க" என்றேன்.

மூன்றாவது கம்பெனி விருதுநகரில் இருக்கிறது, எழுபதைத் தாண்டினவர்களையும் சேர்க்கிறது. பழைய வியாதி திடீரென்று முற்றி உயிருக்கு ஆபத்து என்றால், ஒரு அளவு வரை அதற்கும் தருவார்களாம். ஆனால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும், பிரீமியமும் கூட. இதுதான் நமக்கு என்று உட்கார்ந்துவிட்டேன். பாரத்தில் தொழில் என்ன என்று கேட்டிருந்தது. "பட்டாசுன்னு எழுதாதீகம்மா, பயந்துருவாக" என்றார் சீனிச்சாமி. பட்டாசு லேபிள் அச்சிடுதல், வெடிப்பதில்லை என்று எழுதினேன். உடல் குறை என்ற இடத்தில், கட்டிங் மெஷினில் போன இடது மோதிர விரல் நுனியை எழுதினேன். அதெல்லாம் எதுக்கு என்றார். இல்லாத விரலை இருக்கிறதென்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? மலை ஏறுவீர்களா, பாராசூட்டில் குதிப்பீர்களா என்றும் ஒரு கேள்வி. இப்போதைக்கு எண்ணமில்லை என்று எழுதிவைத்தேன்.

டாக்டர் ரத்தம் எடுத்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். "நெஞ்சு வலி வந்ததுண்டாம்மா?" என்று கேட்டார். "தம்பி போன் பண்ணுன அன்னைக்கு ஒரு நாள்தான்" என்றேன். சிரித்துக்கொண்டே சர்டிபிகேட் கொடுத்தார்.

அதை எடுத்துக்கொண்டு சீனிவாசகத்தோடு விருதுநகர் ஆபீசுக்குப் போனேன். அங்கே இசைவாணி என்று ஒரு ஆபீசர் பிள்ளை. கையெழுத்துப் போடுமுன் பாலிசி முழுவதையும் படிக்க வேண்டும் என்றேன். ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் எத்தனை நாளுக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பதில் நாலாம் பக்கத்தில் ஏழு நாள், ஒன்பதாம் பக்கத்தில் பதினேழு நாள் என்றிருந்தது. காட்டினேன். அந்தப் பிள்ளை மதுரைப் பெரிய ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டு, பதினேழுதான் சரி என்று திருத்தி சீல் வைத்துக் கொடுத்தது. "இத யாருமே படிக்கிறதில்லம்மா, நானே இன்னைக்குத்தான் படிக்கேன்" என்றது. நான் செத்துப்போனால் உடலைச் சென்னை வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சென்னையிலிருந்து சீனிவாசகம் வண்டி வைத்துக் கூட்டிவந்துவிடுவான். ஆகவே தம்பி, நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உனக்குச் செலவில்லை. இனியும் வராதே என்று சொல்ல உனக்கு வாய் வருமானால், உன்னோடு இந்த ஜென்மத்துக்குப் பேச்சில்லை.

ஐஸ்வர்யாவுக்கும் வரப்போகிற மாப்பிள்ளைக்கும் நூறு வயது ஆசீர்வாதம். உனக்கு, என் கோபம் தணிந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அக்கா,
சொர்ணலட்சுமி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது ஐஸ்வர்யா போன் செய்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மார்ச்சில் நீ ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், மே ஒன்பதாம் தேதி உனக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்பதையும், கல்யாணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவிட்டதையும், "அக்காவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாக, வீட்டை விக்கணும்னு எதையாவது சொல்லி நிப்பாட்டிருவோம்" என்று நீ அவள் வாயை அடைத்ததையும். ஏலே, நீ என் தம்பிதானா?

மறுநாள் காலையிலேயே இசைவாணியைப் போய்ப் பார்த்தேன். முப்பது நாளை ஆறு மாதமாக்கி, அந்தப் பிள்ளை புதிய பாலிசி போட்டுக் கையில் கொடுத்துவிட்டது. இந்த முறை நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. டிக்கெட்டையும் மாற்றியாகிவிட்டது, வருகிற திங்கள்கிழமை ஏறுகிறேன். தபால் போய்ச் சேருவதற்கு முன்னால் நானே வந்துவிடுவேன் என்பதால் இந்தக் கடிதத்தைக் கைப்பையில் வைத்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நானே வாசித்துக் காட்டுகிறேன். கோபமாக எழுதியதையெல்லாம் தாண்டிவிடுவேன். சிரிக்காமல் கேள், தையல் விட்டுப்போகும்.