தலைவர் அறையில் புகை

நகரமன்றத் தலைவரின் குளியலறைக் கூரையில் அலாரம் அலறத் தொடங்கியபோது, உதவியாளர் வாசனைத் தெளிப்பானும் கையுமாகக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். பதினோரு வருடமாகத் தலைவரின் ரகசியத்தைக் காப்பாற்றி வந்தது அந்தத் தெளிப்பான்தான். அலாரம் நேற்றுதான் மாட்டப்பட்டது. மாட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் தலைவர்தான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும் கெட்ட பழக்கம் மட்டும் அவருக்குக் கிடையாது.

"ஐயா, சீக்கிரம் அணைங்க!"

"அணைச்சு அஞ்சு நிமிஷமாச்சுய்யா! இது ஏன் இன்னும் கத்துது?"

தலைவர் ஓடிவந்து நாற்காலியில் உட்காரவும், தீயணைப்பு அதிகாரி உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. மனு கொடுக்க வரிசையில் நின்ற கூட்டம் பின்னாலேயே எட்டிப் பார்த்தது.

"யார் இங்க சிகரெட் பிடிச்சது?"

தலைவர் உதவியாளரைப் பார்த்தார். தலைவருக்காகக் கடிதம் எழுதி, மேடைப் பேச்சு எழுதி, அவருடைய கல்யாண நாளைக்கூட அவருக்காக நினைவில் வைத்துக்கொண்டு பழகிப்போனவர் உதவியாளர். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நான்தான் சார்."

கையில் தெளிப்பானோடு நிற்பவரை யார்தான் நம்ப மாட்டார்கள்? அரசுக் கட்டடத்துக்குள் புகைத்தவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். ஆறு சனிக்கிழமை புகை மறப்பு வகுப்புக்கும் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் இந்த விதியைக் கொண்டுவந்தவர் தலைவரேதான். 'எவராக இருந்தாலும்' என்ற சொல்லை மேசையைத் தட்டிச் சேர்த்திருந்தார்.

சாயங்காலத்துக்குள் செய்தி உதவியாளருக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி அவருடைய சட்டையை மூக்கருகே பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எத்தனை வருஷமா இந்த நாத்தம்! கேட்டா, மனு கொடுக்க வர்றவங்ககிட்டேருந்து ஒட்டிக்குதுன்னு கதை விட்டீங்க."

தலைவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "ஒண்ணே ஒண்ணுதான் பிடிச்சேன்" என்றார்.

"பதினோரு வருஷமாவா அந்த ஒண்ணு எரியுது?"

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் நேரே சமையலறைக்குப் போனாள். குளிர்பதனப் பெட்டியில் அவள் ஒட்டியிருந்த படத்தை மெதுவாக உரித்தெடுத்தாள். படத்தில் அவர் மீசையோடு நின்றிருந்தார். கீழே, 'எங்க அப்பாவுக்குக் கெட்ட பழக்கமே இல்லை.'

"இது பொய்ப் படம்ப்பா" என்று சொல்லி மடித்துத் தன் பள்ளிப் பைக்குள் வைத்துவிட்டாள்.

மனைவியின் கத்தலை அவர் தாங்கிக்கொண்டார். இதைத் தாங்க முடியவில்லை. அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வகுப்பில் அவரோடு பன்னிரண்டு பேர். எல்லார் சட்டைப் பையிலும் இரண்டு பேனா, எல்லார் மடியிலும் ஒரு கோப்பு. யாருடைய போன் அடித்தாலும் அவர் எழுந்து நின்றுதான் "சொல்லுங்கய்யா" என்றார். என்ன காரணமோ, உதவியாளருக்கு அவர்களைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று.

"முதல் சிகரெட் எப்ப பிடிச்சீங்க?" என்று கேட்டார் வகுப்பு நடத்தும் ஆலோசகர் அம்மா.

சொந்தக் கதை இல்லாதவருக்குக் கற்பனைதானே துணை? பதினைந்து வயது, பாழடைந்த கிடங்கு, கைவிட்டுப்போன நண்பன் என்று எடுத்துவிட்டார். பேச்சு எழுதிய அனுபவம் வீண் போகவில்லை. பக்கத்தில் இருந்தவர் மும்முரமாகக் குறிப்பெடுத்தார். அடுத்த வாரம் கிடங்கை மட்டும் பாலமாக மாற்றி அதையே தன் கதையாகச் சொன்னார்.

ஆலோசகர் அம்மா கண்ணாடிக்கு மேலாக உதவியாளரைப் பார்த்தார். "கதை நல்லா சொல்றீங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க முன்னாடி திருந்தினவர் ஒருத்தர் பேசணுமாம். நீங்களே போயிட்டு வாங்க."

எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். மகள் படிக்கும் பள்ளிக்கூடம்.

திங்கட்கிழமை காலையிலேயே தலைவர் முன்னால் போய் நின்றார். "ஐயா, என் பொண்ணு முன்னாடி என்னால நடிக்க முடியாது. உண்மையைச் சொல்லிடுங்க."

"தேர்தலுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. சிகரெட்டை ஒழிக்கிறேன்னு ஓட்டு வாங்கினவன்யா நான்!"

"ஜனங்க உங்க நுரையீரலைப் பார்த்தா ஓட்டுப் போட்டாங்க? உங்களால விட முடியலைன்னு சொன்னா, விட முடியாத ஆயிரம் பேர் நம்மாளுன்னு சொல்லுவான். மறைச்சு மாட்டினாதான் சிரிப்பான்."

"சொல்றது சுலபம்யா" என்று தலைவர் கோப்பைத் திறந்துகொண்டார். அது தலைகீழாக இருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை, வகுப்பு நடுவில் உதவியாளரின் போன் அடித்தது. எழுந்து நின்றார். மறுமுனையில் தலைவரின் குரலோடு அலாரமும் சேர்ந்து கேட்டது.

"யோவ், எங்க இருக்கே? தீயணைப்புக்காரர் படியேறி வர்றார்! உடனே வந்து ஒத்துக்கோ!"

"ஐயா, நான் இங்க பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டேனே. அறையில வேற யாரு?"

"நான் மட்டும்தான்யா!"

"அப்ப 'நான்தான்'னு சொல்லிடுங்க. நானே சொல்லிப் பார்த்திருக்கேன். உயிரெல்லாம் போகாது."

போனில் கொஞ்ச நேரம் அலாரம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறக்கும் சத்தம். அதன்பின், தொண்டையைச் செருமிக்கொண்டு தலைவர் சொன்னார்: "நான்தான். போன தடவையும் நான்தான். விடணும்னு பார்க்கிறேன், முடியல."

வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது. "அவ்வளவுதானா? சரிங்கய்யா, எங்க தெருவுக்குத் தண்ணி எப்ப வரும்?"

அன்று மாலை மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "அவருக்குப் பல்வலின்னா நீங்க போய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வருவீங்களா?" மகள் படத்தை எடுத்து மறுபடி ஒட்டினாள். இந்த முறை நான்கு மூலையிலும் இரண்டிரண்டு துண்டு டேப். 'கெட்ட பழக்கமே இல்லை' என்பதன் கீழே, 'பொய் மட்டும் சொல்லுவார்' என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. நியாயம்தான் என்று அவருக்குப் பட்டது. நெடுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

அடுத்த சனிக்கிழமை தலைவர் வகுப்புக்கு நேரிலேயே வந்தார். துணைக்கு வந்த உதவியாளர் பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் பதிவேட்டைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். முன் பெஞ்சில் உட்கார்ந்து, கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்:

"நாப்பது வருஷமா பிடிக்கிறேன்மா. ஒரு நாளைக்குப் பதினாலு. பள்ளிக்கூடத்துக்கும் இனி நானே போய்ப் பேசுறேன். விடுறதுக்கு வழி சொல்லுங்க."

பின்னால் இருந்த பன்னிரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். யாருடைய போனோ அடித்தது. முதல்முறையாக யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நடந்து வந்து தலைவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷமா இந்த வகுப்பை நடத்துறேன்யா. சிகரெட் பிடிக்கிறவர் ஒருத்தர் இங்க வந்திருக்கிறது இன்னிக்குத்தான்."