வரமாட்டோம் என்றவர்கள் உட்கார்ந்த பந்தி

செஞ்சி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பி நெடுமாறனுக்கு,

அக்கா அன்புக்கரசி எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை; சென்னையில் உட்கார்ந்துகொண்டு அடுத்தவர் பிள்ளைக்கு யோசனை சொல்பவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

என் மகள் சுவாதி பி.பி.ஏ. முடித்தபோது நான் வங்கித் தேர்வு எழுதச் சொன்னேன். நீதான் போனில், "அக்கா, இப்ப எல்லாமே ஏஐதான். கோடிங் எழுதறவன் தெருவுக்குத் தெரு இருக்கான். மனுஷன் மனசு தெரிஞ்ச பிசினஸ் படிச்ச புள்ளைங்கதான் கெடைக்கல" என்றாய். அவளும் ஆன்லைனில் ஏஐ படித்து, சான்றிதழ் வாங்கி, சென்னையில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டாள். மனித மனத்தை அவள் எவ்வளவு அறிந்தவள் என்பதை எங்கள் புதுமனை புகுவிழாவில் பார்த்துவிட்டோம். நீ லீவு கிடைக்காமல் தப்பித்துக்கொண்டாய்.

"வீடு வீடா போயி வெத்தல பாக்கு வெக்கிறது பெட்ரோல் வேஸ்ட்டும்மா. என் ஏஐ எல்லாரையும் போன்ல கூப்டும், யாரு வர்றாங்கன்னும் சொல்லிடும்" என்றாள். அவள் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அது அவள் குரலிலேயே பேசியது. அவலூர்பேட்டை குஞ்சம்மாள் அத்தை, "நமக்குள்ள இன்னாத்துக்கும்மா இதெல்லாம், உடு" என்றாராம். தொண்டூர் செல்லப்பன் பெரியப்பா, "முட்டி வலி, நான் எங்க வர்றது" என்றாராம். நம் பக்கத்தில் கூப்பிட்டதும் வருகிறேன் என்பவன் சோற்றுக்கு அலைகிறவன்; முதலில் மறுக்க வேண்டும், நாம் கெஞ்ச வேண்டும், மறுபடி மறுக்க வேண்டும், பிறகு குடும்பத்தோடு வர வேண்டும். இந்த இயந்திரமோ, "நன்றி, வரவில்லை எனக் குறித்துக்கொண்டோம்" என்று போனை வைத்துவிட்டது. பாதிச் சொந்தம் வரவில்லை என்று சுவாதி வண்ணப் படம் போட்டுக் காட்டினாள். அதை நம்பிச் சமையல்காரர் பொன்னுசாமியிடம் பாதி அரிசிதான் கொடுத்தோம்.

வரமாட்டேன் என்றவர்களில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். பெரியப்பா தன் முட்டி வலியோடு வேன் நிறைய ஆளும் ஏற்றிக்கொண்டு வந்தார். முதல் பந்தியிலேயே சாம்பார் முடிந்தது. இரண்டாம் பந்தியில் இலையைப் பார்த்த பெரியப்பா, "இன்னா அன்பு, உப்பு மட்டும் வெச்சிருக்கிற? மிச்சத்த போன்ல அனுப்புவியா?" என்றார். சுவாதியின் அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அங்கிருந்த ஓட்டல்களில் அகப்பட்ட புரோட்டாவையெல்லாம் அள்ளி வந்தார். ஹோமப் புகை அடங்காத கூடத்தில் கோழிச் சால்னா வாசனை. "புது வூட்டுக்கு இது ஆவாதுடி" என்று சொல்லிக்கொண்டே அத்தை இரண்டாம் முறையும் சால்னா கேட்டு வாங்கினார்.

இவ்வளவுக்கும் பிறகு, "டேட்டா தப்பில்லம்மா, அவுங்க சொன்னதத்தான் அது எழுதுச்சி" என்கிறாள். இந்தப் புரிதலை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வாள்? ஆகவே அந்தக் கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டிருக்கும் இண்டர்வியூவுக்கு அவளை அனுப்புவதாக இல்லை. அழுதுவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் அந்தப் பக்கம் திரும்பாமல்தான் இதை எழுதுகிறேன். அவளுக்காக நீ ஒழித்து வைத்திருக்கும் அறையை வாடகைக்கு விட்டுவிடலாம்.

உன் மனைவி மஞ்சுவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசிகள், அவர்களையாவது நிம்மதியாகப் படிக்க விடு.

உன் அக்கா
அன்புக்கரசி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கம்பெனிக்காரர்கள் வீடியோவிலேயே இண்டர்வியூ வைத்துவிட்டார்கள். "நீங்க செஞ்சு சொதப்பின ஒரு வேலையைச் சொல்லுங்க" என்றார்கள். அவள் புரோட்டா கதையைச் சொன்னாள். அத்தை ஏன் மறுத்தார் என்ற இடத்தில் தடுமாறினாள். பின்னால் துணி மடித்துக்கொண்டிருந்த நான் பொறுக்க முடியாமல் திருத்தினேன். சற்று நீளமாகவே திருத்திவிட்டேன் போலிருக்கிறது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. அவர்களுடைய பொறியாளர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வியாழன் காலை பஸ்ஸில் இருவரும் வருகிறோம். அறையை யாருக்கும் விட்டுவிடாதே. உன்னை நேரில் திட்டத்தான் சென்னை போகிறேன் என்று அவள் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்; அவர் கேட்டால், நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன் என்று சொல்.