பதினேழாம் வீட்டு வெள்ளம்

இனி ஜென்மத்துக்கும் வாயைத் திறப்பதில்லை என்று ஸ்டோர்காரர் முடிவு செய்தார். மாதத்தின் முதல் தேதி, காலை நடைக்குப் போன இடத்தில், நோட்டீஸ் போர்டின் முன்னால். நல்ல முடிவுதான். இரண்டு வருஷம் தாமதம்.

போர்டில் இருந்தது இது:

"இம்மாதச் சிறப்பு நிகழ்ச்சி. ஆற்று வெள்ளத்தில் நீந்துவது எப்படி: செயல்முறை விளக்கம். ஞாயிறு காலை, நீச்சல் குளம். நடத்துபவர்: பதினேழாம் வீட்டு ஐயா. அனைவரும் வருக."

பதினேழாம் வீட்டு ஐயா அவர்தான். அவருக்கு நீச்சல் தெரியாது. வாளியில் தண்ணீர் விளிம்புவரை இருந்தால்கூட, இரண்டு சொம்பு மொண்டு கீழே ஊற்றிவிட்டுத்தான் குளிக்க ஆரம்பிப்பார்.

அந்தக் குடியிருப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்காகக் கட்டியது. விடுமுறை விடுதி மாதிரி இருக்கும், ஆனால் வந்தவர்கள் யாரும் பெட்டி கட்டித் திரும்புவதில்லை. வரிசையாக வீடுகள், புல்வெளி, கிளப் ஹவுஸ், குளம், பின்னால் ஒரு ஏரி. மாதம் ஒரு வீட்டுக்கு முறை வரும். முறை வந்த வீடு ஏதாவது ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். போர்டின் கண்ணாடிக் கதவுச் சாவியும் அந்த மாதம் முழுக்க அந்த வீட்டில்தான் இருக்கும்.

போர்டில் வந்துவிட்டால் வந்ததுதான். ஒருமுறை யாரோ "இன்று" என்று எழுத வேண்டிய இடத்தில் "நேற்று" என்று எழுதிவிட்டார்கள். உடற்பயிற்சி வகுப்புக்கு ஓர் ஆள்கூட வரவில்லை. முடிந்துபோன வகுப்புக்கு எவன் போவான். மேனேஜர் அதைவிட மோசம். போர்டில் போடாத மழையில் அவர் நனைய மாட்டார்.

வினை வந்த வழி இது. இங்கே குடிவந்த புதிதில் அவருடைய மனைவி, காலை ஆறு மணி நீச்சல் வகுப்பில் சேரப் போவதாகச் சொன்னாள். காலை ஆறு மணி என்பது அவருடைய காபி நேரம். பெயின்ட் கம்பெனி கிடங்கில் முப்பது வருஷம் ஸ்டோர் கீப்பராக டப்பா எண்ணினவர் அவர், ஒரு நாள்கூட ஆறு மணிக் காபி தவறியதில்லை. "உனக்கு எதுக்கு வகுப்பு? எனக்கு நல்லா நீந்தத் தெரியும். நானே சொல்லித் தரேன்" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். கிளப் ஹவுஸில் ஒரு சாயங்காலம் எதிர்வீட்டுப் பல் டாக்டர், தாம் சர்க்கஸ் சிங்கத்துக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கிய கதையைச் சொன்னார். ஸ்டோர்காரருக்குப் பொறுக்கவில்லை. இளவயதில் வெள்ளத்தில் ஆற்றை நீந்திக் கடந்தேன் என்றார். அடுத்த முறை சொன்னபோது தோளில் ஒரு கன்றுக்குட்டி இருந்தது. அதற்கடுத்த முறை கன்றுக்குட்டியின் சொந்தக்காரரும் ஏறிக்கொண்டார். மனைவி பக்கத்திலேயே உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பது இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டாமா?

போர்டைப் பார்த்த கையோடு வீட்டுக்கு வந்தார்.

"யாரைக் கேட்டு என் பேரைக் குடுத்தே?"

"நம்ம முறை வந்துச்சு. ஏதாவது நடத்தணும்ல?"

"நீ நடத்த வேண்டியதுதானே. ரெண்டு வருஷமா மத்தியானம் ஆனா பூ அலங்காரம் கத்துக்கப் போறேன்னு கிளம்பறே."

"பூவை யாரு வேணாலும் வெப்பாங்க. வெள்ளத்துல நீந்தினவர் இந்த இடத்துலேயே நீங்க ஒருத்தர்தான்."

"எனக்கு மூட்டு வலி."

"தண்ணிக்குள்ள மூட்டுக்கு வேலையே இல்லையாம். டாக்டர் சொன்னார்."

"அவர் பல் டாக்டர்டீ."

"மூட்டைப் பத்திச் சும்மா சொல்லிட்டுப் போறதுக்கு எந்த டாக்டரா இருந்தா என்ன?"

"சளி பிடிச்சிருக்கு."

"ஞாயித்துக்கிழமைக்கா? இப்பவே பிடிச்சு வெச்சிட்டீங்களா?"

"நீந்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. மறந்து போயிருக்கும்."

"அதெல்லாம் மறக்காதுங்க. தெரிஞ்சிருந்தா மறக்காது."

அவள் காய் நறுக்கப் போய்விட்டாள். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. டம்ளரில் தண்ணீரை வைத்தாள், அதையும் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள், உப்பு டப்பா தேடப் போனவர் கண்ணில் சமையலறை ஆணியில் தொங்கிய போர்டுச் சாவி பட்டது.

மனைவி குளிக்கப் போன நேரத்தில் வேலை முடிந்தது. "சுத்தம் செய்யும் பணி காரணமாக நீச்சல் குளம் மூடப்படுகிறது." கிடங்கில் எழுதிப் பழகிய கொட்டை எழுத்து. கீழே பழக்கதோஷத்தில் "அனைவரும் வருக" என்று எழுதப் போனவர், சுதாரித்து நிறுத்தினார்.

மேனேஜர் போர்டைப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். "எப்ப சொன்னேன் நான்?" என்று தம்மையே கேட்டுக்கொண்டார். பிறகு ஆள் கூப்பிட்டு அடைப்பைத் திறக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் குளம் காலி. வெயிலில் காய்ந்து கிடந்த அந்த நீல ஓடுகளைப் போல அழகான காட்சியை ஸ்டோர்காரர் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சாயங்காலம் மனைவி வந்தாள்.

"பாவங்க மேனேஜர். நிகழ்ச்சி நின்னு போச்சேன்னு அழாத குறை. நான்தான் ஒரு வழி சொல்லிட்டு வந்தேன்."

"என்ன வழி?"

"ஏரி."

சாப்பிட்ட இரண்டு தரச் சோறும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றது.

"அந்த ஏரிக்கு ஆழம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது."

"அன்னிக்கு வெள்ளத்துக்கு மட்டும் தெரிஞ்சுதா? உங்களுக்குக் குளம் எம்மாத்திரம்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. கன்னுக்குட்டிக்குக்கூட ஏதாவது ஏற்பாடு பண்ணலாமான்னு கேட்டார் டாக்டர்."

மறுநாள் போர்டில் இன்னொரு அறிவிப்பு இருந்தது, அதே கொட்டை எழுத்தில். "ஏரியில் மிகப் பெரிய பாம்பு காணப்பட்டது. யாரும் நீரில் இறங்க வேண்டாம்."

பல் டாக்டர் வழியில் மடக்கினார்.

"நானும் பார்த்தேன் ஸ்டோர். போன வாரமே."

"எதை?"

"பாம்பை. என் தொடை கனம். பல் வரிசை பிரமாதம்."

"பல்லை எப்படிய்யா பார்த்தீர்?"

"என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுது. சொன்னா நம்ப மாட்டாங்கன்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். இப்ப போர்டுலயே வந்துடுச்சே."

அதற்குப் பிறகு ஏரிப்பக்கம் நடக்க ஸ்டோர்காரருக்கே உதறல். தாம் விட்ட பாம்பு என்பது தெரியும். ஆனாலும் புல் அசைந்தால் கால் நின்றது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டிருந்தார். அது நல்லதற்கில்லை.

"சார், ஒரு உதவி. போர்டுல 'காணப்பட்டது'ன்னு இருக்கு. 'காணப்படவில்லை'ன்னு மாத்தணும்னா, யாராவது உள்ள இறங்கித் தேடி, காணாம திரும்பி வரணும்."

"கண்டா?"

"கண்டா மாத்த வேண்டியதில்ல சார்."

"நீச்சல் சொல்லித் தர்ற பயிற்சியாளர் அம்மா இருக்காங்களே."

"பாம்புன்னதும் லீவு போட்டுட்டாங்க. குளத்துல நீந்தறவங்க நாலு பேர் இருக்காங்க சார். வெள்ளத்துல நீந்தினவர்னா நீங்கதான்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாளைக்கு வருவார் தம்பி. துண்டு நான் எடுத்து வெக்கிறேன்."

சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக மூன்றாவது அறிவிப்பு ஏறியது. "பாம்பு இடம் மாறிச் சென்றுவிட்டது. குளம் சுத்தம் செய்து முடிக்கப்பட்டது. நிகழ்ச்சி குளத்திலேயே நடைபெறும்." வேறு வழியில்லை. போகிற உயிர் ஓடு பதித்த இடத்திலாவது போகட்டும்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். மனைவி அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"சாவி எங்கேயோ போயிட்டு வந்திருக்கு போல?"

"எந்தச் சாவி?"

"ஆணியில ஆடுது பாருங்க."

"காத்து."

"ஜன்னல் சாத்தியிருக்கு."

"பெரிய காத்து."

அவள் காபியைக் கொடுத்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பாமல் குடித்தார்.

மேனேஜர் போர்டைப் படித்துவிட்டுக் குளத்தை நிரப்பச் சொன்னார். ஞாயிறு வந்தது. ஒரு ஞாயிற்றுக்காவது வராமல் போகிற புத்தி உண்டா? குளத்தைச் சுற்றி நாற்காலி, குடை, தொப்பி. முன்வரிசையில் பல் டாக்டர், கழுத்தில் தொலைநோக்கி. பத்தடி தள்ளி இருக்கிற குளத்தைப் பார்க்க எதற்குத் தொலைநோக்கி என்று கேட்கிற நிலையில் ஸ்டோர்காரர் இல்லை. அவர் அரைக்கால் சட்டைக்கு மேல் முழுக்கைச் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"நீச்சலை முதல்ல மனசுல நீந்தணும்" என்று ஆரம்பித்தார். எல்லோரையும் புல்வெளியில் குப்புறப் படுக்கச் சொன்னார். காலை உதைக்கச் சொன்னார். கையை வீசச் சொன்னார். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் புல்வெளியின் பாதியை நீந்திக் கடந்து, செம்பருத்திச் செடியில் முட்டி நின்றார். எல்லோரையும் எழுப்பி உட்காரவைத்து, மூச்சை இழுக்கச் சொல்லி, விடச் சொல்லி, மறுபடி இழுக்கச் சொல்லி, பொழுதை ஓட்டினார்.

"இதோட இன்னிக்கு வகுப்பு முடிஞ்சுது."

"வெள்ளம் எங்கே ஸ்டோர்?" என்றார் பல் டாக்டர்.

யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லோரும் தட்டினார்கள். ஸ்டோர்காரர் குளத்தின் விளிம்புக்குப் போனார். கால் கட்டைவிரலை நனைத்தார். தண்ணீர் அதைப் பிடித்து இழுப்பதாகத் தோன்றியது. எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் தொப்பென்று சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. குளத்தில் வட்டம் வட்டமாகத் தண்ணீர் விரிந்தது. நடுவில் அவளுடைய புடவை மிதந்தது. அவள் இல்லை.

அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீச்சல் தெரியாது என்பதுகூடத் தோன்றவில்லை. அவள் பெயரைக் கத்திக்கொண்டே ஸ்வெட்டரோடு குதித்தார்.

உலகம் நீலமானது. மூக்கு, காது, வாய், திறந்திருந்த இடத்திலெல்லாம் தண்ணீர் குடிபுகுந்தது. கையை அடித்தார். காலை அடித்தார். எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை. அவள் கை கிடைக்குமா என்று துழாவினார், கிடைக்கவில்லை. உயிர் போவதுகூடப் பெரிதாகப் படவில்லை, அவளைக் காணோமே என்றுதான் அடித்துக்கொண்டது.

யாரோ அவருடைய ஸ்வெட்டர் காலரைப் பிடித்தார்கள்.

"நிமிந்து நில்லுங்க."

நின்றார். தண்ணீர் இடுப்பளவு இருந்தது.

எதிரே மனைவி. நீச்சல் உடையில், தலையில் ரப்பர் தொப்பியோடு. அவள் உடுத்தி வந்த புடவை மட்டும் தனியாக நீந்திக் கரை சேர்ந்துகொண்டிருந்தது.

கரையில் கைதட்டல் ஓயவில்லை. "வெள்ளத்துல மாட்டினவன் அச்சு அசல் இப்படித்தான் இருப்பான்" என்றார் பல் டாக்டர், தொலைநோக்கியை இறக்காமல். "தத்ரூபம் ஸ்டோர். கன்னுக்குட்டி இல்லாததுதான் குறை."

மனைவி அவரைப் படிக்கட்டில் உட்காரவைத்தாள். பிறகு திரும்பிப் பாய்ந்து, குளத்தின் மறுகோடிவரை போய், அலுங்காமல் திரும்பி வந்தாள். அவர் இருமிக்கொண்டே பார்த்தார்.

"எங்கே கத்துக்கிட்டே?" என்றார், மூச்சு வந்ததும்.

"ரெண்டு வருஷமாப் பூ அலங்காரத்துக்குப் போறேன். ஒரு பூவாவது வீட்டுக்கு வந்துச்சா? ஒரு நாளாவது கேட்டீங்களா? மத்தியானம் நீங்க குறட்டை விடற நேரம்தான் எனக்கு வகுப்பு."

"அப்ப எனக்கு நீந்தத் தெரியாதுன்னு..."

"வாளியில ரெண்டு சொம்பு குறைச்சுட்டுக் குளிக்கிறவர் வெள்ளத்துல நீந்தினாராம். மூணு நோட்டீஸும் உங்க கொட்டை எழுத்து. சாவி நம்ம வீட்டு ஆணியில. பாம்பு விட்டீங்க பாருங்க, அன்னிக்குத்தான் சிரிப்பை அடக்க முடியல."

"அப்புறம் எதுக்கு என்னை இந்தப் பாடு படுத்தினே?"

"நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு பார்த்தேன்." அவள் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். கொஞ்சம் அழுத்தியே துவட்டினாள். "குதிப்பீங்கன்னு நினைக்கல."

அந்தக் கடைசி வார்த்தையில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. போகட்டும், விஷயம் இதோடு முடிந்தது, ஊர் முன்னால் மானமும் போகவில்லை. அன்று மத்தியானம் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எழுந்தார். காபி இல்லை. மனைவி இல்லை. ஆணியில் சாவியும் இல்லை.

ஓடினார். போர்டில் புது அறிவிப்பு, அழகான சின்ன எழுத்தில்.

"தினமும் காலை ஆறு மணி: நீச்சல். பதினேழாம் வீட்டு அம்மா. தினமும் காலை ஐந்தரை மணி: காபி. பதினேழாம் வீட்டு ஐயா."

அதுவரை படித்துவிட்டு, கீழே பார்க்காமல் வீட்டுக்குத் திரும்பினார். வாசலில் மேனேஜர், நீதிபதி, இன்னும் நாலைந்து பேர் வரிசையாக நின்றார்கள். முதல் ஆளாகப் பல் டாக்டர், கையில் காலிக் கோப்பை.

"அரை மணி லேட்டு ஸ்டோர்" என்றார். "கடைசி வரியைப் படிக்கலையா? அனைவரும் வருக."