இரண்டாயிரமாவது ஆண்டும் மூன்று நாள் ஆப்சென்ட்டும்

கேட்காமலே ஆலோசனை சொல்பவர்களைப் பற்றி எல்லாரும் புலம்பியாகிவிட்டது. ஆலோசனை கேட்பவர்களைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை. நான் திறக்கிறேன். கருத்துக் கேட்பவர் என்று ஓர் இனம் உண்டு. முடிவை முதலில் எடுத்து, நான்காய் மடித்து, சட்டைப்பையில் பத்திரப்படுத்திய பிறகு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று தலையைச் சாய்த்துக் கேட்கும் இனம். வீட்டில், அலுவலகத்தில், கல்யாணப் பேச்சில் என்று எங்கும் தென்படும். ஆனால் நன்றாக வளர்ந்து கொழுத்த வகையைப் பார்க்க வேண்டுமானால் கல்லூரிக்குத்தான் போக வேண்டும்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பாதி வாக்கியம் முடிப்பதற்குள் "அருமை!" என்பார். "இதைத்தான் நானும் பத்து வருஷமா சொல்லிட்டு வர்றேன்" என்பார். நீங்கள் சொல்ல வந்தது என்னவென்று அவருக்குத் தெரியாது. இரண்டு "அருமை" வாங்கிய பிறகு உங்களுக்கும் மறந்துபோகும். கையில் தடித்த நோட்டு ஒன்று இருக்கும். நீங்கள் பேசப் பேச அதில் எழுதிக்கொண்டே இருப்பார். என்ன எழுதுகிறார்? நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். வட்டம் போடுகிறார். வட்டத்துக்குள் இன்னொரு வட்டம்.

எட்டிப் பார்க்கிற இடத்தில் உனக்கு என்ன வேலை என்கிறீர்களா? எண்பத்துமூன்றில் ஜவ்வாது மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றில் நான் தட்டச்சர். எங்கள் பொருளாதாரப் பேராசிரியர் ஆதிநாராயணன் இந்த இனத்தின் சிகரம். அந்த ஆண்டு ஜனவரியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: இரண்டாயிரமாவது ஆண்டில் கற்பதும் கற்பிப்பதும் எப்படி இருக்க வேண்டும் என்பதை மாணவர்களையே கலந்து வகுத்து அனுப்புங்கள் என்று. ஆதிநாராயணன் சிலிர்த்துப்போனார். மாணவர்களைக் கலப்பதென்றால் அவருக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மறுநாளே இருபத்திரண்டு பக்க அறிக்கையைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, பிரதி எடுக்க ஸ்டென்சில் தாளில் தட்டித் தரச் சொன்னார். "மாணவர்கள் ஒருமனதாக விரும்பியவை" என்ற தலைப்பில் மட்டும் பதினான்கு அம்சங்கள் இருந்தன.

"சார், மாணவர்களைக் கேக்கணுமே?" என்றேன்.

"கேக்கத்தானேய்யா போறோம்! மலைமேல மூணு நாள் முகாம். நாலு சுவத்துக்குள்ள அடைச்சு வெச்சா பசங்க மனசுவிட்டுப் பேசுவாங்களா? நீயும் மிஷினைத் தூக்கிட்டு வந்துடு. எழுத்துப்பிழை இருந்தா அங்கேயே திருத்திடலாம்."

பன்னிரண்டு மாணவர்களைப் பொறுக்கினார். மலைக்குப் போகும்போது மலைக்காரன் ஒருவன் இல்லாவிட்டால் நன்றாகவா இருக்கும்? எங்கள் கல்லூரியில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்தான். வேடியப்பன், பி.ஏ. கடைசி ஆண்டு. அவன் தயங்கினான். சாமை அறுப்புக்கு ஒரு வாரம், புளி உலுக்குவதற்கு இரண்டு வாரம் என்று வீட்டுக்குப் போய்ப் போய், அவனுடைய வருகைப்பதிவு விளிம்பில் நின்றது. எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் பரீட்சை எழுத முடியாது.

"இன்னும் ஒரு நாள் போச்சின்னா எனக்குப் பரீட்ச இல்லீங்க சார். ஒரு வருஷம் தள்ளிப்போச்சின்னா வூட்ல திரும்ப அனுப்ப மாட்டாங்க" என்றான்.

ஆதிநாராயணன் அவன் தோளில் கை போட்டார். "டேய், இது லீவாடா? இதுதாண்டா வகுப்பு! அந்த மலையே வகுப்பறை!"

அவன் நம்பினான். நானும்தான் நம்பினேன்.

ஒடுகத்தூரிலிருந்து பஸ் பிடித்து மலையேறி, வேடியப்பன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இறங்கினோம். நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னார். "இங்க தலைவர் கிடையாது. எல்லாரும் சமம்" என்று அறிவித்துவிட்டு, கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாள் காலை பத்திலிருந்து ஒன்று வரைக்கும், சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றிலிருந்து ஐந்தரை வரைக்கும், மாணவர்கள் தயக்கமின்றிப் பேச வேண்டியதன் அவசியத்தைப் பற்றி அவரே பேசினார். ஒருவர்கூடத் தயங்கவில்லை. தூங்கிவிட்டார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் மாணவர்கள் முறை. சந்தவாசல் ரஞ்சிதம் எழுந்தாள். "சார், மஞ்சளாப் போன நோட்ஸப் படிச்சிக் காட்டி எழுதச் சொல்றதுக்கு பதிலா, பாடம் நடத்துனா நல்லாருக்கும்." அருமை என்றார். அந்த மஞ்சள் நோட்ஸ் அவருடையதுதான். ஏற்கெனவே தட்டிய ஸ்டென்சிலில் அது எப்படி இருந்தது தெரியுமா? "குறிப்பெடுக்கும் பயிற்சியை மாணவர்கள் மேலும் விரும்புகின்றனர்."

அடுத்து வேடியப்பன். கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "புளி உலுக்கற நேரத்துல ஒரு ஆளு கொறஞ்சாலும் எங்க வூட்ல கஷ்டங்க. அந்த ரெண்டு வாரம் மட்டும் மலைப் பசங்களுக்கு லீவு வுட்டுட்டு, கோடையில வெச்சி நடத்துங்க. நாங்க வர்றோம். ரெண்டாயிரமாவது வருஷம் வரிக்கும் வாணாங்க, இந்த வருஷமே செஞ்சா நல்லது."

இருபத்திரண்டு பக்கத்தில் இல்லாத ஒரு நல்ல விஷயத்தை மூன்று நாளில் ஒருவன் சொன்னான் என்றால் அது இதுதான். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. புதுத் தாளை மிஷினில் செருகி, "சேர்த்துடட்டுமா சார்?" என்று கேட்டேன்.

"அதான் இருக்கேய்யா! பதினேழாம் பக்கம் பாரு."

பார்த்தேன். "மலைவாழ் மாணவர்களிடையே காலந்தவறாமை வலியுறுத்தப்பட வேண்டும்" என்று இருந்தது. செருகிய தாளை உருவிவிட்டேன்.

முகாமுக்குச் சாமைச் சோறு ஆக்கிப்போட்டது வேடியப்பனின் அம்மா செல்லியம்மாள். கிளம்புகிற அன்று என்னிடம் வந்து, "இன்னா சார் தட்டிக்கினு கீறீங்க?" என்று கேட்டார்.

"பிள்ளைங்க சொன்னதைங்க."

"புள்ளைங்க நேத்துதான வாயத் தொறந்துச்சிங்க? நீங்க மொத நாளே தட்டிக்கினு இருந்தீங்களே!"

எனக்கு அவசரமாக ரிப்பன் மாற்ற வேண்டியிருந்தது.

மார்ச்சில் வருகை குறைந்தவர்கள் பட்டியல் வந்தது. முகாம் போன பன்னிரண்டு பேருக்கும் அந்த மூன்று நாள் ஆப்சென்ட். மற்றவர்களுக்குக் கையிருப்பில் நாள் இருந்தது, வேடியப்பனுக்கு இல்லை. நான் முதல்வரிடம் ஓடினேன். கல்லூரி வேலையாகப் போனதுதானே, வருகையாகப் போடலாமே என்றேன். அவர் அறிக்கையை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். "மாணவர்கள் எவருடைய அழைப்புமின்றித் தாமாகவே முன்வந்து திரண்டனர்" என்று ஆதிநாராயணன் எழுதியிருந்தார். தட்டியவன் நான். "தானா போனவங்களுக்கு நான் எப்படிய்யா வருகை குடுக்கறது? ஆதி வந்து, நான்தான் கூப்பிட்டேன்னு ஒரு வரி எழுதித் தரட்டும்" என்றார்.

வேடியப்பனை அழைத்துக்கொண்டு ஆதிநாராயணனிடம் போனேன். அவனை உட்காரவைத்தார். டீ வாங்கிக் கொடுத்தார். தலையைச் சாய்த்தார்.

"நான் ஒரு வரி எழுதறது பெரிசில்ல வேடியப்பா. ஆனா அறிக்கை யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு. இப்ப மாத்தி எழுதினா, நீங்க எல்லாரும் சுதந்திரமா சொன்னதுக்கே மதிப்பு இல்லாமப் போயிடும். விட்டுடறதுதான் கௌரவம்னு எனக்குப் படுது. நீ என்ன நினைக்கிற?"

வேடியப்பன் டீயைத் தொடவில்லை. "நான் இன்னா நெனச்சா இன்னாங்க சார். அதான் நீங்க நெனச்சிட்டீங்களே" என்றான்.

"அருமை!" என்றார் ஆதிநாராயணன்.

பரீட்சைக்கு உட்கார முடியாதவர்கள் பட்டியலையும் நான்தான் தட்டினேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆனால் கை நிற்கவில்லை; வேலை போய்விடுமே என்ற பயம். ஜூனில் கல்லூரி திறந்தபோது வேடியப்பன் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அறிக்கையைப் பல்கலைக்கழகம் வெகுவாகப் பாராட்டியது. மலை மாணவர்கள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று ஆராய ஒரு குழு போட்டு, அதற்கு ஆதிநாராயணனையே தலைவராக்கியது.

உங்களுக்கு ஆதிநாராயணன்மேல் கோபம் வருகிறது, இல்லையா? வரட்டும், நல்லதுதான். போன ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, "என்னம்மா படிக்கப் போறே? உன் இஷ்டம்தான், தைரியமா சொல்லு" என்று கேட்டீர்களே, ஞாபகமிருக்கிறதா? நீங்களே நிரப்பிய கல்லூரி விண்ணப்பத்தின்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடியிருந்தீர்கள். ஓர் ஓரம் வெளியே தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள், உங்கள் முகத்தைப் பார்த்தாள், "உங்க இஷ்டம்பா" என்றாள். நீங்களும் நிம்மதியாகச் சாப்பிடப் போனீர்கள்.