கரடி கற்றுத்தந்த ஆங்கிலம்

அலுவலக நடைமுறையின் முதல் விதி: எதையும் வாய்மொழியாகச் சொல்லாதே, எழுத்தில் கொடு. பணிக்காலம் முழுவதும் நான் மீறாத விதி அது. ஓய்வு பெற்ற பிறகு, அதுவும் சொந்த மகனின் கல்யாண விஷயத்தில் மீறினேன். (ஒழுங்கு நடவடிக்கைக்கு முழுத் தகுதியுள்ள குற்றம்.)

பெங்களூரில் வேலை பார்க்கும் பிரபு, உடன் வேலை செய்யும் நாக்பூர்ப் பெண்ணை மணக்க விரும்பினான். பெண்ணின் பெற்றோர் ஆனி மாதக் கடைசியில் கோச்சடையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்கு மராத்தியும் இந்தியும் தெரியாது. எஞ்சியது ஆங்கிலம்.

"எனக்கென்னடா பயம்? இங்கிலீஷ்ல எம்புட்டு லெட்டர் டிராஃப்ட் பண்ணியிருக்கேன்!"

"அதுதாம்ப்பா பயமே. நீங்க 'காபி சாப்பிடுங்க'ன்னாலே சம்மன் வந்த மாதிரி இருக்கும்."

'தக்க மேல் நடவடிக்கைக்காகச் சமர்ப்பிக்கப்படுகிறது' என்பதற்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆங்கிலம் சொல்வேன். விக்கலுக்குச் சொல்லத் தெரியாது.

பிரபு கார்ட்டூன் வீடியோக்களை அனுப்பினான். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். ஒரு குண்டுக் கரடி வரும். அது என்ன செய்கிறதோ அதற்கான வார்த்தை கீழே பெரிய எழுத்தில் வரும். நான் முறைப்படி பதிவேடு போட்டேன்: வரிசை எண், சொல், பொருள், குறிப்புரை. என் மனைவி கோமதி பதிவேட்டை மதிக்கவில்லை. கரடி செய்ததை அப்படியே செய்து காட்டி மனப்பாடம் செய்தாள்.

கோப்பில் ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் கண்டுபிடிக்கும் நான் ஒன்றைக் கவனிக்கவில்லை. சிரிப்புப் படத்தில் கரடிக்கு நல்லது எதுவும் நடப்பதில்லை. நாற்காலி உடையும், சூப் கொட்டும், தொண்டையில் மீன்முள் சிக்கும், தலை வீங்கும். பதிவேடு நிரம்பியபோது எங்களிடம் சேர்ந்திருந்தவை விபத்துச் சொற்கள் மட்டுமே. போலீசில் புகார் கொடுக்கப் போதுமானவை. சம்பந்தம் பேச அல்ல.

அவர்கள் வந்தார்கள். வந்த கொஞ்ச நேரத்தில், "ஜிகர்தண்டா வாங்கிட்டு வாரேன்ப்பா, அதுவரைக்கும் சமாளிங்க" என்று பிரபு பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பெண்ணின் அப்பா நின்றுகொண்டிருந்தார். "சிட் சார். சேர் நாட் பிரேக்" என்றேன். உட்காரப் போனவர் நிமிர்ந்து, நாற்காலியை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

காபியை நீட்டிய கோமதி, "ஹாட். ஸ்பில். பர்ன்" என்றாள். பெண்ணின் அம்மா அதை வாங்கி, தொடாமல் மேசையில் வைத்தார். (முறுக்குத் தட்டை நீட்டி, "நோ சோக்கிங்" என்று தொண்டையை நெரித்துக் காட்டியவளும் அவள்தான். நான் அல்ல.)

பிறகு அந்த அம்மா, பிரபு சின்ன வயதில் எப்படி என்று சிரித்தபடி கேட்டார். சேட்டைக்காரன், மரம் ஏறுவான், விழுவான். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

"டெய்லி ஃபால்!" என்ற கோமதி சோபாவிலிருந்து தரைக்குச் சரிந்தாள். "ஹெட் ஸ்வெல்லிங்!" இரண்டு கைகளாலும் தலையைப் பூசணிக்காய் அளவுக்குப் பெருக்கிக் காட்டினாள். "ஐஸ் ரோலிங்!" கண்களைச் சுழற்றினாள்.

"நவ்?" என்றார் பெண்ணின் அப்பா. குரல் இறங்கியிருந்தது.

நான் உதவிக்கு வந்தேன். "நவ் ஆல்ஸோ" என்றேன்.

இப்போதும் சுறுசுறுப்பாக இருக்கிறான் என்று முடிக்க நினைத்தேன். சுறுசுறுப்புக்குப் பதிவேட்டில் சொல் இல்லை. கரடி ஒருநாளும் சுறுசுறுப்பாக இருந்ததில்லை.

"வி வில் இன்ஃபார்ம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் மாலையே மகளோடு ரயிலுக்குக் கிளம்பினார்கள். அந்த வாசகத்தின் பொருளை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நானே ஆயிரம் பேருக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"பொண்ணு கேட்கச் சொன்னா, எனக்கு நோயாளிச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கீங்க!" என்று பிரபு கத்தினான்.

"நீதானேடா கரடியை அனுப்புன?"

"நான் ஆக்‌ஷனோட நல்லாத்தான்டா சொன்னேன்" என்றாள் கோமதி. "உங்க அப்பாதான் கடைசியில 'இப்பவும்'னு சீல் குத்துனாரு."

(இன்றும் உறவில் யாராவது "பிரபு எப்படி இருக்கான்?" என்று கேட்டால், பத்துப் பேர் சேர்ந்து "நவ் ஆல்ஸோ!" என்கிறார்கள்.)

அன்று இரவே எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்குத் திரும்பினேன். பொருள், பார்வை, இணைப்பு எல்லாம் போட்டு விளக்கக் கடிதம். உடன் பிரபுவின் உடற்தகுதிச் சான்றிதழ், சான்றொப்பமிட்ட நகல். விரைவுத் தபாலில் அனுப்பினேன். கடிதம் போய்ச் சேர்ந்த தகவல் வந்தது, பதில் வரவில்லை. முதல் நினைவூட்டு. இரண்டாம் நினைவூட்டு.

"அவங்க அப்பா வாயே திறக்க மாட்டேங்கிறாராம். கேட்டா உதட்டுல விரலை வச்சுக் காமிக்கிறாராம். அவ அழுவுறாப்பா" என்றான் பிரபு. அதன் பிறகு அவன் போன் செய்வதையும் நிறுத்திவிட்டான். ஒரு சொல் பற்றாக்குறையால் மகன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கோமதி மட்டும் நிம்மதியாக அவரைக்காய் நறுக்கினாள். "வரும், பொறுங்க."

வந்தது. பெண்ணின் அப்பா அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பையனைப் பற்றிய குழப்பத்தை மகள் அன்று ரயிலிலேயே தீர்த்துவிட்டாளாம். அவர்களுக்கு முழுச் சம்மதமாம். 'உடனே தெரிவித்திருப்போம். ஆனால் விடைபெறும்போது உங்கள் மனைவி நாள்காட்டியில் அடுத்த மாதம் முழுவதையும் காட்டி, கல்யாணப் பேச்சே கூடாது என்று வாயைப் பொத்திக் காட்டினார். உங்கள் வழக்கத்தை மதித்து, வீட்டிலும் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. இந்தக் கடிதமும் அந்த மாதம் முடிந்த பிறகே உங்கள் கைக்கு வரும்படி அனுப்புகிறேன்.'

கோமதியைப் பார்த்தேன். "என்கிட்ட ஏன் சொல்லலை?"

"இது உங்களுக்குத் தெரியாதாக்கும்? நல்ல காரியத்துக்கு அம்புட்டு நினைவூட்டு போடுறீங்களே, என்ன மாசம்னு ஒரு தடவை பார்த்தீங்களா?"

உறையைத் திருப்பி, மேல் மூலையில், கடிதம் வந்து சேர்ந்த தேதியைக் குறித்தேன்: ஆவணி ஒன்று.