அழைக்காமல் வந்த பன்னிரண்டு குறிகள்

"யாரோ ஒருத்தர் ^_^ங்கற பேர்ல உறுப்பினர் அட்டை வாங்கியிருக்காரு. ஃபோட்டோவே வேணாம், பேரே சிரிக்குது" என்றார் மேலாளர் அம்மா.

அவர்கள் இருந்தது நூலகத்தின் மாடியில், கணினிப் பிரிவில். இணையதளத்தில் எழுதப்படும் பெயர்களைச் சரிபார்க்கும் அந்த ஒற்றை வரியை எழுதியவர் 'அவசரம்'. அலுவலகம் வைத்த பட்டப்பெயர். பெற்றோரே வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும்.

அன்று நான்கு மணிக்கு அவர் மகளுக்கு நீச்சல் போட்டி. போன வருடமும் போகவில்லை, அதற்கு முந்தின வருடமும் போகவில்லை. "இந்தத் தடவையும் வரலைன்னா உன்கூட டூ" என்று சொல்லிவிட்டுத்தான் காலையில் பள்ளிக்குப் போனாள்.

"மூணு மணிக்குக் கிளம்பட்டுமா மேடம்?"

"அந்தப் பலகையில சைபர் வரட்டும். தாராளமா கிளம்புங்க."

கடைசி அரைமணியில் இணையதளத்தில் பெயரோடு பதிவான புகார்களை எண்ணிக் காட்டும் பலகை அது. இப்போது 1.

பெரிய A முதல் சின்ன z வரை எதுவும் வரலாம் என்று ஒரே மூச்சில் எழுதியிருந்தார் அவசரம். கணினியின் வரிசையில் பெரிய எழுத்துகளுக்கும் சின்ன எழுத்துகளுக்கும் நடுவே ஆறு குறிகள் குடியிருப்பது அவருக்கு எங்கே தெரிந்தது? இரண்டையும் பிரித்து எழுதினார். பிரித்த வேகத்தில் பக்கத்திலிருந்த புள்ளி, சிறுகோடு, இடைவெளி மூன்றும் அழிந்துபோயின.

பலகையில் 14.

"என்ன பண்ணி வச்சீங்க? இனிஷியல் போட்டா ஏத்துக்க மாட்டேங்குதாம். எங்கப்பாவை விட்டுட்டு நான் மட்டும் எப்படிச் சேர்றதுன்னு ஒருத்தர் கேக்கறாரு."

"ரெண்டே நிமிஷம் மேடம்."

மூன்றையும் திரும்பச் சேர்த்தார்: இடைவெளி, சிறுகோடு, புள்ளி. நடுவில் நின்ற சிறுகோட்டைக் கணினி 'இதிலிருந்து அதுவரை' என்று எடுத்துக்கொண்டது. மூன்று பேரை அழைத்தால் அவர்களோடு இன்னும் பன்னிரண்டு குறிகள் வந்து பந்தியில் உட்கார்ந்தன.

பலகையில் 31.

"இப்ப ஒருத்தர் பேரு &%$#. நம்ம நூலகர் அதைக் கெட்ட வார்த்தைன்னு நினைச்சு அட்டையைத் தர மாட்டேங்கறாங்க. அவர் கீழ நின்னு நிஜமாவே திட்டிக்கிட்டிருக்காரு."

மணி இரண்டு இருபது. தண்ணீரில் குதிக்குமுன் மகள் கூட்டத்தில் அப்பாவைத் தேடுவாள். அவளுக்கு இன்னொரு வருடம் காலி நாற்காலியைக் காட்ட முடியாது.

'இவை வேண்டாம்' என்று கணினிக்குச் சொல்ல ஒரு குறி உண்டு. சின்னக் கூரைபோல இருக்கும். அதை எடுத்து, எழுத்துகளும் குறிகளும் சேர்ந்திருந்த அடைப்பின் தலையிலேயே போட்டார். சோதித்துப் பார்க்க ஏது நேரம்? ஏற்றிவிட்டார்.

பலகை 31இல் நின்றது. 18 ஆனது. 7 ஆனது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அதில் வட்டமாக ஒரு 0.

அறையே கைதட்டியது.

"நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து இந்தப் பலகையில சைபரைப் பார்த்ததே இல்ல" என்று மேலாளர் அம்மா கையைக் குலுக்கினார். "கிளம்புங்க. குழந்தைகிட்ட நான் விஷ் பண்ணினேன்னு சொல்லுங்க."

அவசரம் மனைவிக்கு ஃபோன் போட்டார். "முன் வரிசையில இடம் போட்டு வை. கிளம்பிட்டேன்."

"நிஜமாவா?"

"சத்தியமா."

சந்தோஷம் தாங்காமல் இரண்டிரண்டு படியாக இறங்கினார். வரவேற்பு மேஜைப் பெண் கையை நீட்டித் தடுத்தாள்.

"சார், பின்வாசல் வழியாப் போயிடுங்க. புகார் பக்கத்துல யார் பேரைப் போட்டாலும் ஏத்துக்க மாட்டேங்குதாம், எல்லாரும் கையால எழுதிக்கிட்டு நேர்லயே வந்துட்டாங்க."